நோகாத புண்

கொக்கிளாயில் கெளிறு குத்தியவனுக்கு அனுதாபம் கிடைக்காது. "மீன் கழட்டத் தெரியாதவனை ஆர் வலைக்குள்ள கை வைக்கச் சொன்னது?" என்றுதான் கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதத்து விடியலில், களப்புக் கரையில், பெரியப்பாவின் தோணிக்குள் நின்று நானும் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டேன். வலது பெருவிரலின் அடிச்சதையில் முள் ஏறியிருந்தது. கெளிற்றின் முள் ஊசிபோல வழவழப்பானதல்ல. அரம்போலப் பல் வைத்தது. ஏறும்போது ஒரு வலி, இழுக்கும்போது இன்னொரு வலி. முள்ளைப் போர்த்திய தோலில் நஞ்சும் உண்டு. தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலை இறக்கி, பொறுக்கக்கூடிய சூட்டுக்குப் பச்சைத்தண்ணீர் கலந்து, என் கையை அதற்குள் அமுக்கிப் பிடித்தார் பெரியப்பா. அந்த நஞ்சு ஒரு புரதம், சூட்டில் குலைந்துவிடும். பெரியப்பாவுக்குப் புரதம் என்ற சொல் தேவைப்படவில்லை.

அன்றிரவு கை விண்விண்ணென்று தெறித்தது. மறுநாள் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் நடுவில் மஞ்சளாக ஒரு முனை வைத்தது. கமக்கட்டில் நெறி கட்டியது. ஐந்தாம் நாள் கீறிச் சிதலை எடுத்தார்கள். பத்தாம் நாள் எந்தக் கையில் குத்தியது என்பதையே மறந்துவிட்டேன்.

அதே விடியலில் பெரியப்பாவின் இடது உள்ளங்காலை ஊரி வெட்டியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தோணிப் பலகையில் இருந்த இரத்தத்தை என் கை இரத்தம் என்றே இருவரும் நினைத்தோம். அவருக்குச் சீனி வருத்தம் தொடங்கி அப்போது 14 வருடம். காயம் நோகவில்லை, பெரிதாகச் சிவக்கவுமில்லை. நோகாதபடியால் நாலாம் நாளும் களப்பில் இறங்கினார். மாசி முடிவதற்குள் அந்தக் காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஒரே சேறு, ஒரே உவர்நீர், ஒரே காலைப்பொழுது. எனக்கு அந்தச் சூட்டையும் வீக்கத்தையும் தந்தது பெரும்பாலும் என் உடம்புதான். அவருக்குத் தராமல் விட்டதும் அவருடைய உடம்புதான். இந்த வித்தியாசத்தை நமது சுகாதாரப் பேச்சு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. நோகும் புண்ணோடு வருகிறவருக்குக் குளிசை கொடுக்க நாம் ஆயத்தம். நோகாத புண்ணைத் தேடிப்போக ஆயத்தமில்லை.

முள் குத்திய ஒரு கதையிலிருந்துதான் இந்த அறிவே வளர்ந்தது. 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், கடற்கரையோரம் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ், கண்ணாடிபோல ஊடுதெரியும் நட்சத்திரமீன் குடம்பிகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு விடியும்வரை காத்திருந்தார். காலையில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் மொய்த்திருந்தன. குடம்பிக்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆகவே அந்தக் கலங்களை எதுவும் கொண்டுவந்து கொட்டவில்லை. தாமாகவே தேடி வந்திருக்கின்றன. சீழுக்குள் இருக்கும் வெண்கலங்கள் கிருமியை உடம்பெங்கும் பரப்புகின்றன என்று அந்நாளைய மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தார்கள். அவை கிருமியைத் தின்ன வருகின்றன என்று மெச்னிக்கோவ் சொன்னார். 1908இல் போல் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. கடல் உயிரும் முள்ளும் என்பதால் இந்தக் கதை கொக்கிளாய்க்காரருக்கு உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

தோலை நாம் வெறும் போர்வையாக நினைக்கிறோம். அது நம் ஊர்க் கதியால் வேலி மாதிரி, உயிருள்ளது. மேற்படை ஓயாமல் செத்து உதிர்கிறது. ஒட்டிய கிருமியும் அதோடு உதிர்கிறது. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம். அங்கே குடியிருக்கும் தீங்கற்ற பற்றீரியாக்கள் புதியவை கால் வைக்க இடம் விடுவதில்லை. தோற்கலங்களே கிருமிகொல்லிப் புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன. கெளிற்று முள் இவ்வளவையும் ஒரே குத்தில் தாண்டிவிடுகிறது. சேற்றுக் கிருமி, மீனின் வழுவழுப்பிலிருந்த கிருமி, என் தோலிலேயே இருந்த கிருமி எல்லாவற்றையும் சதைக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

உள்ளே காவலுக்கு ஆள் இருக்கிறது. சதையில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் பெருந்தின்கலங்கள், பற்றீரியாவின் உறையில் மட்டுமே உள்ள சில மூலக்கூறுகளைத் தொட்டு உணர்ந்து சமிக்ஞை விடுகின்றன. அருகிலுள்ள குருதிக்குழாய்கள் விரிகின்றன: சிவப்பும் சூடும் அதனால். குழாய்ச் சுவர் கசிகிறது: வீக்கம் அதனால். வலியையும் சேர்த்து இந்த நான்கு குறிகளையும் ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நம் வீட்டுக் கிழவிகளும் புண்ணைப் பார்த்து இதே நான்கைத்தான் கேட்பார்கள். ஐந்தாவதாக ஒன்றும் கேட்பார்கள்: "பழுத்திட்டுதா?"

பழுக்க வைப்பவை நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். வளர்ந்த ஒருவரின் என்புமச்சை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அவை குருதியோட்டத்தில் வரும்போது, காயத்துக்கு அருகே குழாய்ச் சுவர் பசைபோலாகி அவற்றைப் பிடிக்கிறது. உருண்டு, ஒட்டி, சுவரின் இடுக்கால் பிதுங்கி வெளியே வருகின்றன. சில மணி நேரத்துக்குள் காயத்தில் திரள்கின்றன. கிருமியை விழுங்கியதும் உள்ளே ஒரு நஞ்சைத் தயாரிக்கின்றன. அது ஹைப்போகுளோரஸ் அமிலம். வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போடும்போது தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் அதே பொருள்தான். அதைச் செய்யும் நொதியத்தின் நிறம்தான் சிதலுக்கு வரும் அந்த இலேசான பச்சை.

2004இல் பெர்லினில் ஓர் ஆய்வுக்குழு இன்னொன்றையும் கண்டது. விழுங்கி முடியாதபோது நியூட்ரோபில் தன் கருவிலுள்ள டி.என்.ஏ. இழையையே அவிழ்த்து வெளியே எறிகிறது. அந்த இழையில் கிருமி சிக்குகிறது. வீச்சுவலை எறிகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; வித்தியாசம், எறிந்தவன் பெரும்பாலும் அதோடு செத்துப்போகிறான். சிதல் என்பது அப்படிச் செத்த கலங்களின் குவியல்.

குவியலைச் சுற்றி ஒரு சுவர் எழும்புகிறது. பரவவிடாமல் உடம்பு கட்டும் சுவர் அது. ஆனால் அதைக் கட்டக் கிருமியும் கைகொடுக்கிறது. தோற்கட்டிகளில் அதிகம் காணப்படும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் குருதியை உறையவைக்கும் பொருளை விட்டு, தன்னைச் சுற்றி ஒரு மறைப்பு எழுப்பிக்கொள்கிறது. அதனால்தான் முற்றிய கட்டிக்கு வெறும் குளிசை போதாது. மருந்து சுவருக்குள் சரியாகப் போவதில்லை. கத்தி வைத்துத் திறந்துவிட வேண்டும். கத்திக்குப் பயந்து குளிசைப் பெட்டியை மாற்றி மாற்றி வாங்குபவர்களுக்கு இதை யாரும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

கமக்கட்டு நெறிக்கும் காரணமுண்டு. தோலுக்குள் கிளைவிரித்து நிற்கும் சில கலங்கள் கிருமியின் துண்டைத் தூக்கிக்கொண்டு நிணநீர் வழியாகப் பக்கத்து முடிச்சுக்குப் போகின்றன. அங்கே, அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ரீ கலம் பெருகத் தொடங்குகிறது. முடிச்சு வீங்குவது அதனால். அந்த ரீ கலங்களில் ஒருவகை, இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞையால் இன்னும் நியூட்ரோபில்களைக் காயத்துக்குக் கூப்பிடுகிறது. பிறப்பிலேயே அந்தக் கூப்பிடுகுரல் குன்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய பெரிய கட்டிகள் வரும். ஆனால் சிவக்காது, சுடாது, அவ்வளவாக நோகாது. 1966இல் இதை முதலில் விவரித்த மருத்துவர்கள், உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பருக்களால் வாதிக்கப்பட்ட விவிலிய யோபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். குளிர்ந்த கட்டி. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வேண்டிய சொல் அதுதான்.

ஏனென்றால் பெரியப்பாவின் காலும் குளிர்ந்துதான் கிடந்தது. அவருக்கு யோபுவின் நோய் இல்லை, சீனி வருத்தம். நெடுநாள் கட்டுப்படாத சீனி நான்கு பக்கத்தாலும் வேலை செய்கிறது. நியூட்ரோபில்கள் காயத்தை நோக்கி ஓடுவது மந்தமாகிறது. வந்தவையும் சரியாக விழுங்குவதில்லை. காலின் சிறு குழாய்கள் ஒடுங்குவதால் வர வேண்டிய கலமும் மருந்தும் வந்துசேர்வதில்லை. நரம்பு செத்துப்போவதால் செய்தியும் போவதில்லை. காயத்தை அவர் கவனிக்கவில்லை என்று பின்னர் ஒரு வெள்ளைச்சட்டை அவரைப் பேசியது. கவனிக்கச் சொல்லிக் கூப்பிடும் உறுப்பே அவரிடம் இல்லை என்பதை அந்த ஆள் யோசிக்கவில்லை.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. வலி முழுக்க நமக்கு நன்மைக்குத்தான் என்று எழுதிவிட எனக்கு ஆசை. ஆனால் அது முழு உண்மையல்ல. ஸ்டபிலோகொக்கஸ் தானே நேரடியாக வலி நரம்பைத் தட்டுகிறது என்றும், தட்டப்பட்ட நரம்பு எதிர்ப்புக் கலங்களைச் சற்று அடக்குகிறது என்றும் 2013இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சதையைத் தின்று பரவும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றிலும் கிருமி இதே தந்திரத்தால் நியூட்ரோபில்களை ஒதுக்கிவைக்கிறது என்று 2018இல் கண்டார்கள். ஆகவே இரண்டு புண்ணுக்குப் பயப்பட வேண்டும்: பார்க்கப் பெரிதாக இருந்தும் நோகாதது, பார்க்கச் சின்னதாக இருந்தும் உயிர் போக நோகிறது. இரண்டாவதோடு வருகிறவரை அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது.

வன்னியில் நோகாத புண்ணோடு வாழ்கிறவர்கள் நீரிழிவுக்காரர் மட்டுமல்ல. போரில் முள்ளந்தண்டில் செல் துண்டு ஏறி, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனவர்கள் முல்லைத்தீவு மாவட்டத்திலும் கிளிநொச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் பழைய காயமல்ல; படுக்கைப்புண்ணும் சலவழித் தொற்றும். ஒரே பக்கத்தில் சில மணி நேரம் இருந்தாலே தோல் செத்துவிடும். செத்த இடம் ஒரு வார்த்தை சொல்லாது. தொழுநோயும் இந்தக் கணக்கில்தான் வரும். இலங்கை 1995இலேயே பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலக இலக்கை எட்டியது. பிறகு அதை மறந்துவிட்டோம். நோய் நம்மை மறக்கவில்லை, ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பிள்ளைகளும் உண்டு. ஒரே பற்றீரியா, எதிர்ப்பு வலுவாக உள்ளவரில் உணர்வற்ற ஓரிரு தேமலோடு நிற்கிறது; எதிர்ப்பு எழும்பாதவரில் உடம்பெங்கும் பெருகுகிறது. முதல் வகையில் நரம்பைக் கெடுப்பது பெரும்பாலும் நமது எதிர்ப்பேதான்.

இதனால்தான் 'நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று எழுதிய போத்தலைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2020 மார்கழியில் கேகாலையில் ஒரு கொரோனாப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதை நாடே பார்த்தது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்ததையும் பார்த்தது. எதைக் கூட்டுவது? சிரங்கு வந்த பிள்ளைக்கு, மூன்று வாரம் கழித்து முகம் ஊதி, சலம் தேத்தண்ணி நிறத்தில் போகிறதே, அது கூடிய எதிர்ப்பால் வருவது. ஸ்ட்ரெப்டோகொக்கசுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரிகள் சிறுநீரகத்தில் போய்ப் படிந்து அதைப் புண்ணாக்குகின்றன. தாய்மாருக்குச் சொல்ல வேண்டியது சத்துமா பற்றியல்ல. சிரங்கை நேரத்துக்கு மாற்றுவது பற்றி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பூச்சு மருந்து பூசுவது பற்றி. தடுப்பூசிக்கும் காத்திருக்க முடியாது. ஸ்டபிலோகொக்கசுக்கு எதிராகப் பெரிய கம்பனிகள் செய்த ஊசிகள் 2011இலும் 2018இலும் மனிதப் பரீட்சையில் தோற்று நிறுத்தப்பட்டன. ஒருதரம் கட்டி வந்தவருக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்தக் கிருமியை உடம்பு சரியாக நினைவில் வைப்பதில்லை என்றுதானே அர்த்தம்.

இனி மண்ணுக்கும் தண்ணிக்கும் வருகிறேன். கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடி. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் களப்பு. களப்பின் வாய்க்கு அப்பால் கண்ணுக்குத் தெரிவது திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. 1984இல் ஊரைவிட்டு எழும்பச் சொல்லி எழும்பிய சனம், போர் முடிந்தபின்தான் திரும்பி வந்தது. வயலும் களப்பும் என்று இரண்டு தொழிலும் காலைத் தண்ணீரில் வைத்துச் செய்கிற தொழில். இப்படிப்பட்ட உவர்நீரில், வெயில் காலத்தில், விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற பற்றீரியா வாழக்கூடும். ஈரல் கெட்டவரின் காயத்துக்குள் அது போனால், ஒரு நாளுக்குள் கருநீலக் கொப்புளம் எழும்பி உயிருக்கு வந்துவிடும். கசிப்பு குடிக்கிறவர்களின் ஈரல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வயலில் இருப்பது மெலியோய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் அல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் கண்டுபிடித்த நோய். இரண்டாவது பெயர் பெரும்பாலான பாடநூல்களில் காணாமற்போனது வேறு கதை. இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவானார். பிறகு நெடுங்காலம் இது இங்கே இல்லை என்பதுபோல இருந்தோம். 2006க்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோகா கொரெயாவும் அவருடன் சேர்ந்தவர்களும் தேடத் தொடங்கியதும், நாட்டின் பல மாகாணங்களிலும் அது இருப்பது தெரிந்தது. தேடினால்தான் கிடைக்கும் நோய் இது. சேற்றிலிருந்து தோலின் வெடிப்பு வழியே உள்ளே போகும் இந்தப் பற்றீரியா, தன்னை விழுங்கிய தின்கலத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. காவற்காரனின் வீட்டிலேயே கள்ளன். நோயாளிகளில் பெரும்பான்மையோர் நீரிழிவுக்காரர், பெரும்பாலும் மழைக்காலம். வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகைகள் பலவற்றுக்கும் ஜென்டமைசினுக்கும் அது மசியாது. முதலில் குறைந்தது பத்து நாளாவது நாளத்தால் ஏற்றும் மருந்து, பிறகு மூன்று மாதக் குளிசை. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில், சேற்றுநீரில் அடிபட்டுத் தப்பியவர்களிடம் இது வெளிப்பட்டது. அதே அலை அடித்த முல்லைத்தீவுக் கரையில் அன்று காயங்களிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்க எங்கே வசதி இருந்தது?

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடமல்ல. புண்ணோ கட்டியோ என்று வருகிற ஒவ்வொரு வளர்ந்தவருக்கும் அங்கேயே விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். பலருக்குச் சீனி இருப்பதே மாறாத ஒரு புண்ணால்தான் தெரியவருகிறது. அந்தக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்காமல் விடுவது பாவம். மழைக்காலத்தில் காய்ச்சலோடும் ஆழமான கட்டியோடும் வரும் வயற்காரரிடம் தொழில் என்ன என்று கேட்டு, மருந்து தொடங்குமுன் குருதி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வடக்கில் மழைக்காலக் காய்ச்சலென்றால் எலிக்காய்ச்சலை யோசிக்க இப்போது பழகியிருக்கிறோம். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போனபின் பழகினோம். இதற்கும் சாவுவரை காத்திருக்கத் தேவையில்லை. கிளினிக்கில் கொப்பியைப் பார்த்து மருந்தெழுதும் நேரத்தில் அரை நிமிடமாவது செருப்பைக் கழற்றச் சொல்லலாம்.

மருந்து கட்டும் இடம் ஊருக்குள் இருக்க வேண்டும். இதைச் சின்ன விடயமாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நாள்விட்டு நாள் புண் கட்டுவதற்குக் கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போய்வந்தால் அந்த நாள் தொழில் இல்லை. மூன்றாம் தவணையில் ஆள் நின்றுவிடுவார். வீட்டிலேயே பழந்துணியால் கட்டுவார். களப்பு வாய்க்குப் பாலம் போடும் பேச்சு நெடுநாளாக உண்டு. பாலம் வரட்டும். அதுவரை ஒரு தாதி, ஒரு பெட்டி துணி, கொதிக்கவைத்த தண்ணீர். 2022இல் நாடு வங்குரோத்தான மாதங்களில் அதற்கும் வழியில்லாமல் இருந்தது. இப்போது அந்தச் சாட்டு இல்லை.

நமது பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்கு எழுதிய நுண்ணுயிர்கொல்லியை நோ குறைந்ததும் இரண்டாம் நாள் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளையின் சிரங்குக்குக் கொடுக்கிறோம். பழகிய மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் நம் ஆஸ்பத்திரி விடுதிகளில் இருக்கிறதென்றால் அதில் நமது அலுமாரிக்கும் பங்கு உண்டு. கரைவலை இழுக்கிறவர்கள் செருப்புப் போட்டால் மணலில் கால் ஊன்றாது என்கிறார்கள், உண்மைதான். களப்பில் கால் வைக்கிறவர்களுக்காவது பழைய ரப்பர் சப்பாத்தைப் பழக்கலாம். பெரியப்பா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "சேறு தெரியாமல் எப்பிடி நடக்கிறது?" என்றார். சேறு அவருக்குத் தெரியாமற்போய்ப் பல வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் கொக்கிளாய்க்குப் போயிருந்தேன். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம். பெரியப்பா திண்ணையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகனின் மூத்தவள், ஆறாம் வகுப்பு, ஃபோன் வெளிச்சத்தை உள்ளங்காலுக்குப் பிடித்து விரலிடுக்கு விரலிடுக்காக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் யாரோ ஒரு தாதி சொல்லிக்கொடுத்த வேலையாம். ஒவ்வொரு நாளும் செய்கிறாள். குதிக்காலில் வந்ததும் வெளிச்சம் நின்றது.

"அப்பப்பா, இதில முள்ளொண்டு."

"எப்ப குத்தினது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? உங்கட கால்."

அவர் குனிந்து பார்க்க முயன்றார். பிறகு காலை அவளுடைய மடியில் விட்டுவிட்டு, ஊசி எடுத்துவரச் சொல்லி என்னைப் பார்த்தார். ஊசி வேண்டாம் பெரியப்பா, நாளைக்குக் காலமை மருந்து கட்டுற இடத்துக்குப் போவம் என்றேன்.